1642-இன் அரச அறிவிப்புகளையும் மனுக்களையும் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்து உள்நாட்டுப் போரைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 1642 அக்டோபர் 23 அன்று எட்ஜ்ஹில்லில் நடந்த சண்டைக்கு நேராகப் போய்விடுகிறார்கள். குதிரைப்படை, பீரங்கி எல்லாம் அங்கேதான் இருக்கிறது, சரி. ஆனால் அதற்கு முந்தைய பத்து மாதங்களில் அரசன் முதலாம் சார்லஸும் நாடாளுமன்றமும் ஒருவரையொருவர் அச்சடித்த தாளால்தான் அடித்துக்கொண்டார்கள். அறிவிப்பு, மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, நடுவில் ஒவ்வொரு கவுண்டியிலிருந்தும் (நம் மாவட்டம் போல) மனு, அந்த மனுவுக்கு எதிராக இன்னொரு மனு.

இந்தத் தாள்கள் இன்று இணையத்தில் நிறையவே கிடைக்கின்றன. எடுத்துப் படித்தால் சீக்கிரமே தலை சுற்றும், ஏனென்றால் இரண்டு தரப்பும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: அரசரைக் காப்போம், நாட்டின் சட்டத்தைக் காப்போம், உண்மையான புராட்டஸ்டண்ட் மதத்தைக் காப்போம், நாடாளுமன்றத்தின் உரிமையையும் காப்போம். நாடாளுமன்றம் அரசர் மீது பழி போடாது, அவரைச் சுற்றியிருக்கும் தீய ஆலோசகர்கள் மீது போடும். அரசரும் நாடாளுமன்றத்தை எதிர்ப்பதாகச் சொல்லமாட்டார், அங்கே சூழ்ச்சி செய்யும் சிலரைத்தான் எதிர்ப்பதாகச் சொல்வார்.

அதனால் யார் சொல்வது நியாயம் என்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இந்தத் தாள் யாரை எழுந்து நடக்கச் சொல்கிறது, அல்லது யாரை உட்காரச் சொல்கிறது என்று பாருங்கள். அன்றைய இங்கிலாந்தில் நிரந்தரப் படை இல்லை, காவல் துறை இல்லை, அரசாங்கச் சம்பளத்தில் ஒவ்வொரு ஊரிலும் உட்கார்ந்திருக்கும் அதிகாரி வர்க்கம் இல்லை. ஒரு கட்டளை ஊருக்குள் செல்லுபடியாக வேண்டுமானால் ஷெரீப், மேயர், கான்ஸ்டபிள், பாதிரியார் என்று உள்ளூர் ஆள் ஒருவர் அதைக் கையில் எடுத்து உரக்க வாசிக்க வேண்டும். 1642-இல் அந்த ஆளின் மேசைக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகள் வந்தன. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து படித்தால் எல்லாத் தாளும் புரியத் தொடங்கும்.

படி 1: ஆண்டைச் சரிசெய்யுங்கள்

இதைச் செய்யாமல் ஒரு வரிகூடப் படிக்க வேண்டாம். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை அச்சான தாள்களில் முந்தைய ஆண்டுதான் இருக்கும். தேசத்துரோகம் செய்ததாகத் தான் குற்றம் சாட்டிய ஐந்து நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பிடிக்க சார்லஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு கீழவைக்குள் நுழைந்தது நம் கணக்கில் 1642 ஜனவரி 4. அன்றைய தாளில் அது 1641 ஜனவரி 4. அச்சிட்ட தேதியை அப்படியே நம்பி அடுக்கினால், அந்த நிகழ்ச்சி 1641 நவம்பரில் கீழவையில் நிறைவேறிய, அரசர் ஆட்சியின் குறைகளை அடுக்கிய பெரும் கண்டன அறிக்கைக்குப் பத்து மாதம் முன்னால் போய் உட்கார்ந்துவிடும். காரணம் பின்னால், விளைவு முன்னால் என்று எல்லாம் தலைகீழாகும்.

அரச அறிவிப்புகளில் கூடவே ஆட்சியாண்டும் இருக்கும், அது பெரிய உதவி. சார்லஸ் 1625 மார்ச் 27 அன்று பட்டத்துக்கு வந்தார். எனவே 18-ஆம் ஆட்சியாண்டு 1642 மார்ச் 27-இல் தொடங்குகிறது. தாளின் கடைசியில் ‘நமது ஆட்சியின் பதினெட்டாம் ஆண்டு’ என்று இருந்தால் கவலையில்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதி பத்து நாள் முன்னால் ஓடும் வேறு நாட்காட்டிக்கு மாறிவிட்டிருந்தது, வெனிஸ் தூதரின் கடிதத்தையும் லண்டன் தாளையும் ஒப்பிடும்போது அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பக்கத்தில் ஒரு தேதிக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்

இது நீளமாக வேண்டாம். 1641 நவம்பர் 22 இரவு கண்டன அறிக்கை 159-க்கு 148 என்ற வாக்கில் தப்பிப் பிழைத்தது. 1642 ஜனவரி 10-இல் சார்லஸ் லண்டனை விட்டு வெளியேறினார். மார்ச் 5-இல் அரசர் கையெழுத்து இல்லாமலே ஊர்ப்படை அவசரச் சட்டம் வந்தது. மார்ச் 19-இல் அவர் யார்க் போய்ச் சேர்ந்தார். ஏப்ரல் 23-இல் ஹல் நகரக் கோட்டைக் கதவை சர் ஜான் ஹாட்ஹாம் அவருக்குத் திறக்க மறுத்தார், ஸ்காட்லாந்துப் போர்களுக்காகச் சேர்த்த ஆயுதக் கிடங்கு அந்த நகரத்துக்குள்தான் இருந்தது. ஜூன் 1-இல் நாடாளுமன்றம் அரசருக்கு வைத்த பத்தொன்பது கோரிக்கைகள். ஜூலை 12-இல் எசெக்ஸ் பிரபு நாடாளுமன்றத்தின் தளபதி. ஆகஸ்ட் 22-இல் நாட்டிங்ஹாமில் அரசரின் போர்க்கொடி. இவ்வளவு போதும். எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் இந்த வரிசையில் எங்கே விழுகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 3: இது எந்த வகைத் தாள்?

எல்லாவற்றையும் ‘ஆவணம்’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் விஷயம் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் அதிகாரம் வேறு.

அரச அறிவிப்பு என்பது அரசர் பெயரில் தொடங்கி, பெருமுத்திரையின், அதாவது அரசின் உச்ச முத்திரையின், வலுவில் வெளிவருவது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 1610-இலேயே எட்வர்ட் கோக்கும் மற்ற நீதிபதிகளும், அரசர் வெறும் அறிவிப்பால் புதிய குற்றத்தை உருவாக்க முடியாது, ஏற்கெனவே உள்ள சட்டத்தை நினைவூட்டி எச்சரிக்கத்தான் முடியும் என்று சொல்லிவிட்டார்கள். 1642 அறிவிப்புகள் ஏன் தூசி படிந்த பழைய சட்டங்களை இழுத்துக்கொண்டே இருக்கின்றன என்பதற்கு இதுதான் காரணம்.

அவசரச் சட்டம் என்றால் நமக்குச் சட்டமன்றம் கூடாதபோது ஆளுநரோ குடியரசுத் தலைவரோ போடுவது. இங்கே நேர் எதிர்: அரசர் சம்மதிக்காததால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தாங்களே போட்டுக்கொண்டது. கவுண்டி தோறும் ஊர்ப்படைக்கு யார் தலைவர் என்பதை நாடாளுமன்றமே நியமித்தது. கொஞ்ச காலத்துக்காவது படை அதிகாரத்தை விட்டுக்கொடுக்கலாமே என்று நியூமார்க்கெட்டில் பெம்ப்ரோக் பிரபு கேட்டபோது, கடவுள் ஆணையாக ஒரு மணி நேரத்துக்குக்கூட முடியாது என்றார் சார்லஸ்.

அதற்குப் பதிலடியாக அரசர் தரப்பிலிருந்து வந்ததுதான் படைதிரட்டல் ஆணை. 1404-ஆம் ஆண்டு நான்காம் ஹென்றி காலத்து முறையைத் தோண்டியெடுத்து 1642 ஜூனில் கவுண்டிகளுக்கு அனுப்பினார்கள், அதுவும் லத்தீனில். அரசருக்காக எழுதிக்கொடுத்த எட்வர்ட் ஹைட் பின்னாளில் புலம்புகிறார்: லத்தீனில் இருந்ததால் எதிர்த்தரப்பு தனக்குப் பிடித்தபடி மொழிபெயர்த்துச் சொன்னது, சொத்தில் பெரும்பங்கு போய்விடும், வாரத்தில் ஒரு நாள் அரசருக்கு வேலை செய்ய வேண்டியிருக்கும் என்றெல்லாம் மக்களைப் பயமுறுத்தியது என்று. எதிரி செய்தது அயோக்கியத்தனம்தான். ஆனால் விவசாயிகள் படையில் சேர வேண்டும் என்று லத்தீனில் எழுதி அனுப்பியவர்களை என்னவென்று சொல்வது?

இவை தவிர இரு தரப்பும் வெளியிட்ட விளக்க அறிக்கைகள் ஏராளம். அவை யாருக்கும் நேரடிக் கட்டளை இடுவதில்லை, வாசகரைத் தன் பக்கம் இழுக்கப் பார்ப்பவை. நீளமாக இருக்கும். முதல் சுற்றில் தாண்டிப் போகலாம்.

படி 4: முன்னுரையைத் தாண்டி, கட்டளை வரியைப் பிடியுங்கள்

1642 மே 27 அன்று யார்க்கிலிருந்து வந்த அறிவிப்பை வைத்துப் பழகுங்கள். இதைவிட நல்ல பாடம் கிடையாது. தலைப்பே ஒரு பத்தி நீளம்: பயிற்சி பெற்ற ஊர்ப்படைகளில் உள்ள எவரும், நாடாளுமன்றத்தின் ஓர் அவையோ இரண்டு அவைகளுமோ போட்ட உத்தரவை நம்பி, அரசரின் சம்மதமோ ஆணையோ இல்லாமல் கிளம்பவோ, அணிவகுக்கவோ, கூடவோ, பயிற்சி செய்யவோ கூடாது. தலைப்பில் நாடாளுமன்றம் சட்டவிரோதமானது என்ற பேச்சே இல்லை. மைதானத்துக்கு வராதே, அவ்வளவுதான்.

அடுத்து சட்ட ஆதாரம். முதலாம் எட்வர்டின் ஏழாம் ஆட்சியாண்டுச் சட்டம், அதாவது 1279, முதல் வரியிலேயே வருகிறது: ஆயுதம் ஏந்துவதைத் தடுப்பது அரசரின் உரிமை. முன்னூற்று அறுபது ஆண்டு பழைய சட்டம். சிரிக்க வேண்டாம், 1610 தீர்ப்பை நினைத்துப் பார்த்தால் அரசர் தரப்பு வக்கீல்களுக்கு இது தேவைப்பட்டது.

கடைசியாக யாரை நோக்கி என்று பாருங்கள். ஷெரீப்கள், படை அதிகாரிகள், கான்ஸ்டபிள்கள். இதை ஒரு தாளில் மூன்று வரியாக எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு, என்ன செய்ய, எந்தச் சட்டப்படி. பிறகு இதற்கு நாடாளுமன்றம் ஜூன் முதல் வாரத்தில் கொடுத்த மறுப்பை எடுத்து அதே மூன்று வரியை எழுதுங்கள். அங்கே ஒரு விசித்திரமான வாதம் கிடைக்கும். அரசர் என்ற மனிதர் வேறு, அரச அதிகாரம் வேறு. அந்த அதிகாரம் இந்த உயர் நீதிமன்றமாகிய நாடாளுமன்றத்தின் வழியாகத்தான் மேலான விதத்தில் வெளிப்படுகிறது. ஆகவே அந்த மனிதர் நேரில் வந்து வேண்டாம் என்று சொன்னாலும் நாங்கள் சொல்வதே அரசரின் கட்டளை. அரசரின் பெயராலேயே அரசருக்கு எதிராகப் படை திரட்டும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு, பதில் இந்தப் பத்தியில் இருக்கிறது.

படி 5: முத்திரை எங்கே, அச்சகம் எங்கே?

மே 27 என்ற தேதி தற்செயல் அல்ல. பெருமுத்திரையை வைத்திருந்த எட்வர்ட் லிட்டில்டன் அதற்கு முன்னால் சில நாட்கள் வரை லண்டனில்தான் இருந்தார். மே மாதக் கடைசி வாரங்களில் முத்திரையை யார்க்குக்கு அனுப்பிவிட்டுத் தானும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். முத்திரை கைக்கு வந்ததும் அரசரின் கை நீண்டது. இது எவ்வளவு பெரிய இழப்பு என்று நாடாளுமன்றத்துக்குத் தெரியும், 1643-இல் தனக்கென்று ஒரு பெருமுத்திரையே செய்துகொண்டது.

அச்சகமும் அப்படித்தான். அரச அச்சகத்தின் ஒரு பகுதி அரசரோடு யார்க்குக்கும் பிறகு ஷ்ரூஸ்பரிக்கும் பயணம் செய்தது. அதனால் தாளின் அடியில் ‘யார்க்கில் அச்சிடப்பட்டது’ என்று இருக்கிறதா, ‘யார்க்கில் அச்சாகி இப்போது லண்டனில் மறுபதிப்பு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை வியாபாரி விற்பதற்காகப் போட்டது. 1641 ஜூலையில், அச்சகங்களைக் கட்டுப்படுத்திவந்த ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றம் ஒழிக்கப்பட்டதோடு அச்சுக் கட்டுப்பாடும் சரிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டார்கள். போலியும் வந்தது. 1642 ஜனவரியில் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் மக்களின் மனு என்று ஒன்று விற்பனைக்கு வந்து, அது கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியது என்று நாடாளுமன்ற விசாரணையில் தெரியவந்தது.

படி 6: வாசித்தவருக்கு என்ன ஆயிற்று?

இந்தப் படியைப் பலர் செய்வதே இல்லை, எனக்கு மிகப் பிடித்தது இதுதான். லண்டன் மேயர் சர் ரிச்சர்ட் கர்னி, படைதிரட்டல் ஆணை தொடர்பான அரசரின் அறிவிப்பை நகரத்தில் வெளியிட வைத்தார். ஜூலையில் அவர் மீது குற்றச்சாட்டு, சிறை, டவர் கோட்டை, மேயர் பதவியும் போயிற்று. ஒரு தாளை உரக்க வாசிக்கச் செய்ததற்கு இந்தத் தண்டனை! எதிர்ப்பக்கம் ஹாட்ஹாமைப் பாருங்கள், கதவைத் திறக்காததற்காக அரசர் அவரைத் துரோகி என்று அங்கேயே அறிவித்தார். எந்த அறிவிப்பைப் படித்தாலும் அது எந்த ஊரில் வாசிக்கப்பட்டது, எங்கே மறைக்கப்பட்டது, வாசித்தவர் பிழைத்தாரா என்று கீழவைக் குறிப்பேடுகளில் தேடுங்கள். அவை பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் நாள்வாரியாகக் கிடைக்கின்றன.

படி 7: மனு என்றால் பணிவு என்று நினைக்காதீர்கள்

இனி மனுக்கள். ‘தாழ்மையுடன் காட்டுவது யாதெனில்’ என்ற பாணியில்தான் எல்லாம் தொடங்கும், கடைசியில் ‘என்றும் பிரார்த்திப்போம்’ என்று முடியும். இரண்டையும் வெட்டிவிட்டு நடுவில் உள்ளதைப் படியுங்கள்.

மனு தயாரான விதம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பொதுவாக அசைஸ் நீதிமன்றமோ (அரசரின் நீதிபதிகள் கவுண்டி கவுண்டியாகச் சுற்றி வந்து நடத்துவது) காலாண்டு நீதி அமர்வோ கூடும் நாளில் கவுண்டியின் பெரிய மனிதர்கள் ஒன்று சேர்வார்கள். அங்கே ஒருவர் எழுதி வைத்திருக்கும் வரைவைப் பெருநடுவர் குழு, அதாவது வழக்குகளை முதலில் பார்க்கும் உள்ளூர்ப் பெரியவர்கள் குழு, ஏற்கும். படிகள் ஊர் ஊராகப் போகும், பாதிரியாரோ கான்ஸ்டபிளோ பிரார்த்தனை முடிந்து வருகிறவர்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். பிறகு குதிரையில் கூட்டமாக வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஊர்வலம். சார்லஸ் லண்டனை விட்டுப் போன மறுநாள், ஜனவரி 11-இல், ஜான் ஹாம்ப்டனின் கவுண்டியான பக்கிங்ஹாம்ஷையரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இப்படித்தான் வந்து இறங்கினார்கள். அந்த மனுவில் என்ன எழுதியிருந்தது என்பதைவிட, தேடப்பட்ட ஐந்து பேரில் ஒருவருக்காக இத்தனை குதிரைகள் லண்டன் தெருவில் நிற்கின்றன என்பதுதான் செய்தி. ஆகவே ஒவ்வொரு மனுவிலும் எத்தனை பேர் கொண்டுவந்தார்கள், எந்த நாளில், யார் வாசலில் என்று கேளுங்கள்.

கையெழுத்து எண்ணிக்கையை எச்சரிக்கையாகக் கையாளுங்கள். 1640 டிசம்பரில் பிஷப் முறையை வேரோடும் கிளையோடும் ஒழிக்கக் கேட்ட லண்டன் மனுவில் 15,000 பெயர்கள் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அச்சில் கிடைக்கும் மனுக்களில் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் இருக்காது, தலைப்பில் உள்ள எண்ணை மட்டும் நம்பச் சொல்வார்கள். கையெழுத்துப் பிரதி கிடைத்தால் ஒரு நல்ல வழி உண்டு: 1642 தொடக்கத்தில் பதினெட்டு வயது நிரம்பிய ஆண்களிடம் வாங்கிய உறுதிமொழிப் பட்டியல்கள் பல ஊர்களுக்கு மிஞ்சியிருக்கின்றன, பெயர்களை அதோடு ஒப்பிடலாம். ஒரே கையில் இருபது பெயர் வரிசையாக எழுதியிருந்தால் உடனே மோசடி என்று முடிவுகட்டாதீர்கள், எழுதத் தெரியாதவர்களுக்காக எழுத்தர் எழுதியிருக்கலாம்.

கென்ட் மனுவை முழுமையாக ஒருமுறை பின்தொடருங்கள். சர் எட்வர்ட் டெரிங் என்ற உறுப்பினர், கண்டன அறிக்கையை மக்களிடம் கொண்டுபோவதை எதிர்த்து, நாம் கீழ்நோக்கிப் பேசி மக்களுக்குக் கதை சொல்லப் போகிறோம் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை என்று கீழவையில் அங்கலாய்த்தவர். 1642 பிப்ரவரியில் அவரை அவையிலிருந்து வெளியேற்றினார்கள். மார்ச் 25-இல் மெய்ட்ஸ்டோன் அசைஸில் பெருநடுவர் குழுவில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார் தெரியுமா? கவுண்டி முழுவதும் கையெழுத்து வாங்க ஒரு மனுவைத் தயாரித்தார். பிஷப்களையும் வழிபாட்டு முறையையும் காப்பாற்றுங்கள், முறையாகச் சட்டமாகாத எந்த உத்தரவையும் மக்கள் மீது திணிக்காதீர்கள் என்று அது கேட்டது. இரண்டாவது கோரிக்கை நேராக ஊர்ப்படை அவசரச் சட்டத்தின் தலையில் விழும் அடி.

நாடாளுமன்றம் எப்படி எடுத்துக்கொண்டது? இந்த மனுவைப் பற்றித் தங்களிடம் சொல்லவில்லை என்பதற்காக அந்த அசைஸை நடத்திய நீதிபதி தாமஸ் மாலெட்டை டவருக்கு அனுப்பினார்கள். மனுவைத் தூக்கிலிடுபவன் கையால் எரிக்க உத்தரவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் இளங்கவிஞர் ரிச்சர்ட் லவ்லேஸ் அதை மீண்டும் கொண்டுவந்து கொடுத்தபோது அவரை கேட்ஹவுஸ் சிறையில் போட்டார்கள். மே மாதத்தில் அதே கென்டிலிருந்து, சர் மைக்கேல் லிவ்ஸி தலைமையில், நாடாளுமன்றத்தை ஆதரிக்கும் எதிர்மனு வந்தது, அதற்கு நன்றி கிடைத்தது. மக்கள் மனு கொடுக்கும் உரிமையைப் போற்றியவர்கள், தங்களுக்குப் பிடிக்காத மனுவை எரித்தார்கள். எதிர்மனு இல்லாமல் ஒரு மனுவை மட்டும் படிப்பது பாதிக் கதை என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் கென்ட்தான்.

அரசரும் இதில் உத்தமர் இல்லை. ஜூன் 3-இல் யார்க்குக்கு வெளியே ஹெவர்த் மூர் வெளியில் யார்க்ஷையர் நிலக்காரர்களை அவரே கூட்டினார். நாடாளுமன்றத்தோடு சமாதானமாகப் போகச் சொல்லும் மனுவோடு தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் கூட்டத்தைப் பிளந்து வந்து, வாங்க மறுத்த அரசரின் சேணத்தின் முன்பக்கத்தில் அதை வைத்தார். குதிரை அவரை இடித்துத் தள்ளப் பார்த்தது. மூன்றாண்டு கழித்து நேஸ்பியில் இவருடைய படையிடம்தான் சார்லஸ் தோற்கப் போகிறார்.

பெண்களின் மனுக்களையும் விடாதீர்கள். பிப்ரவரி 4-இல் வியாபாரம் படுத்துப்போனதையும் பயத்தையும் சொல்லி லண்டன் பெண்கள் கீழவை வாசலுக்கு வந்தார்கள், மதுவடிப்பவர் ஒருவரின் மனைவி ஆன் ஸ்டாக் முன்னால் நின்றார். கீழவையின் முன்னணித் தலைவர் ஜான் பிம் வெளியே வந்து நன்றி சொல்லி, வீட்டுக்குப் போய் மனுக்களைப் பிரார்த்தனைகளாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார். மரியாதையான பதில்தான், கதவும் மரியாதையாகவே சாத்தப்பட்டது.

படி 8: எழுதியது யார்?

அரசர் பெயரில் வந்தால் அரசர் எழுதினார் என்று பொருளல்ல. மே மாதம் வரை ஹைட் லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினராக உட்கார்ந்துகொண்டே அதே நாடாளுமன்றத்துக்கு அரசர் தரும் பதில்களை ரகசியமாக எழுதி யார்க்குக்கு அனுப்பினார், வெளியே தெரியாமலிருக்க சார்லஸ் தன் கையாலேயே படியெடுத்துக்கொண்டார். அதனால்தான் அந்தப் பதில்கள் நிதானமாக, சட்டம் பேசுபவையாக இருக்கின்றன. ஜூன் 18-இல் பத்தொன்பது கோரிக்கைகளுக்கு வந்த பதில் வேறு மாதிரி. அதை எழுதியவர்கள் அரசரின் ஆலோசகர்களான ஃபால்க்லண்டும் கல்பெப்பரும். அரசர், பிரபுக்கள், பொதுமக்கள் என்று மூன்று பங்காளிகள் உள்ள ஆட்சி என்று அவர்கள் எழுதிவிட்டார்கள், அரசரும் மூவரில் ஒருவர் என்ற அந்த ஒரு பத்திக்காக ஹைட் நொந்துபோனார். எதிர்த்தரப்பு எழுத்தாளர்கள் அதைப் பல ஆண்டுகள் எடுத்து எடுத்துக் காட்டினார்கள்.

படி 9: ஆகஸ்ட் மாதத்து இரண்டு அறிவிப்புகள்

இதுவரை வந்தவை தடை செய்பவை. ஆகஸ்ட் 9-இல் எசெக்ஸ் பிரபுவின் தலைமையில் நடப்பது கலகம், அதை அடக்க வேண்டும் என்று ஒன்று. ஆகஸ்ட் 12-இல் இன்னொன்று, 22-ஆம் தேதி நாட்டிங்ஹாமுக்கு வந்து கொடியின் கீழ் சேருங்கள் என்று. படி 4-இன் மூன்று வரியை இவற்றுக்கும் எழுதி மே 27-ஓடு ஒப்பிட்டால், ‘வராதே’ என்பது ‘வா’ என்று மாறியிருப்பது கண்ணில் படும். 22-ஆம் தேதி மாலை கொடியேற்றும்போது வாசிக்க வேண்டிய அறிவிப்பைச் சார்லஸ் கடைசி நிமிடத்தில் வாங்கிப் பார்த்து, பேனா மை கேட்டு அடித்துத் திருத்தினார். அந்தத் திருத்தங்களோடு வாசிக்க முடியாமல் கட்டியக்காரர் திணறினார் என்று பதிவாகியிருக்கிறது. வந்த கூட்டமும் குறைவு. கொடி காற்றில் விழுந்துவிட்டது, அதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தத் திருத்தம்தான் சுவாரசியம், போரைத் தொடங்கும் நொடியிலும் மனிதர் சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

எங்கே தேடுவது, எங்கே நிறுத்துவது

லண்டன் புத்தக வியாபாரி ஜார்ஜ் தாமசன் 1640 முதல் 1661 வரை தெருவில் விற்றதையெல்லாம் வாங்கிச் சேர்த்தார், சுமார் 22,000 உருப்படிகள், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பலவற்றில் கைக்குக் கிடைத்த நாளைத் தானே எழுதிவைத்திருக்கிறார். அச்சிட்ட தேதிக்கும் லண்டன் கடைக்கு வந்த தேதிக்கும் உள்ள இடைவெளி அதிலிருந்து கிடைக்கும். பிஷப்களை ஆதரித்த கவுண்டி மனுக்களைச் செஷையரின் சர் தாமஸ் ஆஸ்டன் 1642-இல் தொகுத்து அச்சிட்டார், ஒரு தரப்புத் தொகுப்பு என்பதை மறக்காமல் பயன்படுத்துங்கள்.

1661-ஐத் தாண்டிய மனுக்களுக்கு இந்த முறையை அப்படியே பயன்படுத்த வேண்டாம். இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்ததும் போட்ட சட்டப்படி, இருபது பேருக்கு மேல் கையெழுத்து வாங்க வேண்டுமானால் மூன்று மாஜிஸ்திரேட்டுகளோ பெருநடுவர் குழுவின் பெரும்பான்மையோ முதலில் ஒப்புதல் தர வேண்டும், மனுவைக் கொடுக்கப் பத்துப் பேருக்கு மேல் போகவும் கூடாது. அதற்குப் பிறகு வந்த மனுவில் ஆயிரம் பெயர் இருந்தால், முதலில் அந்த மூன்று மாஜிஸ்திரேட்டுகள் யார் என்று பாருங்கள்.